நகல் மனு

கீழ்வெண்மணி வழக்கைப் பற்றி நம் வட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்வார்கள். கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என ஹைகோர்ட்டு சொல்லிவிட்டது என்பார்கள். 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்த வழக்கு அது. நாகப்பட்டினம் ஸெஷன்ஸ் கோர்ட்டு 1970-ல் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் 10 வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. 1973-ல் ஹைகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. எக்கனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி அதே வருஷம் மே மாதம் அந்தத் தீர்ப்பின் பகுதிகளை வெளியிட்டது. 50 வருஷங்களுக்கு மேலாக நாம் அந்தக் கார் விஷயத்தைக் கோபத்தோடு திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கோபம் நியாயமானது. ஆனால் 44 பேர் செத்த ஒரு வழக்கில் நமக்கு மனப்பாடமாக இருப்பது தீர்ப்பு எழுதியவரின் வாக்கியம் மட்டும்தான் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கூண்டேறியவர்கள் என்ன சொன்னார்கள், எந்த வார்த்தையில் சொன்னார்கள், குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் மடக்கப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடப் பெரிய குறை அல்ல. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. ‘குருதிப்புனல்’ 1975-ல் புத்தகமாக வந்தது. 1977-ல் அதற்கு சாகித்ய அகாதெமி பரிசு. மிராசுதாரின் ஆண்மைக் குறைவை நாவலாசிரியர் முன்னுக்குக் கொண்டுவந்தது வர்க்கப் பிரச்சினையைத் திசை திருப்பும் வேலையா, மனோதத்துவ ஆழமா என்று பக்கம் பக்கமாக வாதாடினோம். நான் படித்த வரையில் அந்த வாதத்தில் எந்தத் தரப்பும் கோர்ட்டில் பதிவான சாட்சியத்தைத் தொட்டதில்லை. கற்பனை சரியா தவறா என்று தீர்மானிக்க இன்னொரு கற்பனையையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

கீழ்க்கோர்ட்டுக் காகிதங்களைப் பற்றி நம்மைப் போன்றவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். எழுதத் தெரியாதவர்களும், எழுதத் தெரிந்தும் அதற்கு அவசியமில்லாமல் வாழ்ந்தவர்களும் பேசியதை, பேசிய தேதியோடும் பேசியவரின் பெயர், வயது, தொழிலோடும் எழுதி வைத்த இடம் இந்த நாட்டில் கிரிமினல் கோர்ட்டைப் போல வேறு கிடையாது. யதார்த்தவாதம் என்றும் மண்ணின் குரல் என்றும் நாம் எழுதுவதற்கெல்லாம் வெகு நாள் முன்பிருந்தே ஒரு குமாஸ்தா அந்தக் குரலை மாசச் சம்பளத்துக்கு எழுதி வந்திருக்கிறார்.

சட்டப் பத்திரிகைகள் இந்தக் குரலைக் காப்பாற்றவில்லை. அது அவற்றின் வேலையும் அல்ல. இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் 1876-லிருந்தும் மெட்ராஸ் லா ஜர்னல் 1891-லிருந்தும் வந்திருக்கின்றன. அவற்றில் ஏறுவது மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள். அதிலும் ஒரு சட்டப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தவை. ஒரு கொலை எத்தனை கொடூரமானது என்பது பொருட்டல்ல. மரண வாக்குமூலத்தை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்ற கேள்வி அதில் எழுந்திருந்தால் அது அச்சேறும். எழாவிட்டால் ஜில்லா கோர்ட்டின் பதிவறையில் சிவப்பு நாடாவுக்குள் கிடக்கும். சட்டத்துக்கு முக்கியமானது சட்டப் பத்திரிகையில் இருக்கிறது. சரித்திரத்துக்கு முக்கியமானது கட்டில் இருக்கிறது.

கட்டைத் தேடிப் போகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு வழக்குக்கு ஒரே அடையாளம் கிடையாது என்பது. போலீஸ் ஸ்டேஷனில் அதற்குக் குற்ற எண். மாஜிஸ்டிரேட்டே விசாரித்து முடிக்கக்கூடியது என்றால் ஸி.ஸி. எண். ஸெஷன்ஸுக்கு அனுப்ப வேண்டியது என்றால் முதலில் பி.ஆர்.ஸி. எண், அங்கே போனதும் எஸ்.ஸி. எண். அப்பீல் ஆனால் ஹைகோர்ட்டில் வேறொரு எண். பாங்க்கில் ஒரு லெட்ஜர் நிரம்பி அடுத்ததைத் திறக்கும்போது பழைய பக்கத்தில் புதிய பக்கத்தின் எண்ணையும், புதியதில் பழையதன் எண்ணையும் எழுதுவோம். அந்தக் குறிப்பு இருந்தால் ஒரு பாக்கியை எத்தனை வருஷம் பின்னோக்கியும் கொண்டுபோகலாம். கோர்ட்டுக் காகிதத்திலும் அந்தக் குறிப்பு உண்டு. ஹைகோர்ட்டுத் தீர்ப்பின் தலைப்பிலேயே இன்ன ஊர் ஸெஷன்ஸ் கோர்ட்டின் இன்ன எஸ்.ஸி. எண், இன்ன தேதித் தீர்ப்பின் மீதான அப்பீல் என்று இருக்கும். ஆகவே தேடல் மேலிருந்து கீழே வர வேண்டும். மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்கானால், குற்றவாளி அப்பீல் செய்யாவிட்டாலும் தண்டனையை உறுதி செய்ய அது ஹைகோர்ட்டுக்குப் போயாக வேண்டும் என்பது சட்டம். தூக்கு விதிக்கப்பட்ட மனிதன் எத்தனை ஏழையாக இருந்தாலும் மேலே ஒரு தடத்தை விட்டுப் போயிருக்கிறான்.

அப்பீலே இல்லாத வழக்கு என்றால் கீழிருந்து தொடங்க வேண்டும். எந்த ஸ்டேஷன் எல்லை, எந்த வருஷம் என்ற இரண்டும் வேண்டும். பழைய தினசரிகள் தேதியைத் தரும். அரசாங்கம் வரை போன கலவர வழக்கானால், 1973 முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர் மாறிய எழும்பூர் மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸில் அரசாணைகளுக்குள் அதன் சுவடு இருக்கலாம். ஸ்டேஷன் எல்லைகளும் கோர்ட்டு எல்லைகளும் ஜில்லாக்களைப் பிரிக்கும்போதெல்லாம் மாறுகின்றன. சம்பவம் நடந்த ஊர் இன்று எந்த ஜில்லாவில் இருக்கிறது என்பதல்ல கேள்வி. விசாரணை நடந்த வருஷம் எந்த ஸெஷன்ஸ் டிவிஷனில் இருந்தது என்பதுதான். கீழ்வெண்மணி ஊர் நமக்குத் தஞ்சாவூர் ஜில்லா வழக்காகவே மனசில் பதிந்திருக்கிறது. 1991-க்குப் பிறகு பிறந்தவனுக்கு அது நாகப்பட்டினம் ஜில்லா. இன்னொன்றும் உண்டு. அதே நாளில் மிராசுதார் தரப்பில் ஓர் ஆள் கொல்லப்பட்டதற்காகத் தொழிலாளர்கள் மேலும் வழக்கு நடந்தது. ஒரே இரவு, இரண்டு கட்டுகள். ஒன்றை மட்டும் கேட்டு வாங்குகிறவன் பாதி இரவைத்தான் வாங்கி வருவான்.

கட்டுக்குள் என்ன இருக்கிறது? முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, போலீஸ் விசாரணையில் சாட்சிகள் சொன்னதாக எழுதப்பட்டவை, ஸ்தல வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, தடயப் பொருள்களின் பட்டியல், கோர்ட்டில் சாட்சிகள் சொன்னது, எதிரியை நீதிபதி நேரடியாகக் கேட்ட கேள்விகளும் அவன் சொன்ன பதில்களும், கடைசியில் தீர்ப்பு. இவற்றில் தீர்ப்பு ஒன்றுதான் படிப்பதற்கென்று எழுதப்பட்டது. மற்றவை எல்லாம் எடுத்துக் காட்டுவதற்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். சாட்சியத்தைக் கண்டதும் இதோ அசல் குரல் என்று பரவசப்படக்கூடிய ரொமான்டிக் சுபாவம் நம்மிடம் உண்டு. சாட்சியம் பேச்சு அல்ல. கேள்வியும் பதிலுமாக நடந்ததைக் கேள்விகளை நீக்கிவிட்டுத் தொடர்ச்சியான விவரணையாக எழுதுவதுதான் வழக்கமான முறை என்று 1973-ன் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 276-வது பிரிவே சொன்னது. வக்கீல் கேட்டது மறைந்துபோகும். சாட்சி தானாகவே சொன்னதுபோல நிற்கும். தமிழில் எழுதப்பட்ட எந்தக் குறுக்கு விசாரணையைப் பார்த்தாலும் ஒரு வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வரும். இன்னாரோடு எனக்கு முன்விரோதம் உண்டு என்றால் சரியல்ல. நான் சம்பவ இடத்தில் இல்லவே இல்லை என்றால் சரியல்ல. போலீஸ் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன் என்றால் சரியல்ல. தெருவில் எவனும் இப்படிப் பேசுவதில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் கட்டிய கதை முழுவதும் சாட்சியின் வாயில் எதிர்மறையாக ஏற்றப்பட்டிருக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்தச் ‘சரியல்ல’ வரிசையிலிருந்து, மறைந்துபோன கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்ப முடியும். பழைய வழக்குகளில் இதற்கு மேல் ஒரு சிக்கல்: தமிழில் சொன்னது இங்கிலீஷில் எழுதப்பட்டிருக்கும். கூலிக்காரி சொன்ன வசைச் சொல் விக்டோரிய நாவலின் கனவானுக்குரிய கண்ணியத்தோடு காகிதத்தில் ஏறியிருக்கும். சாட்சியின் நடத்தையைப் பற்றி முக்கியமென்று படுவதைக் குறித்து வைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 280-வது பிரிவு நீதிபதியைப் பணித்தது. சாட்சி தயங்கினாள், அழுதாள் என்பது அப்படித்தான் காகிதத்துக்கு வரும். வராமல் போனால் அவள் அழவில்லை என்று அர்த்தமல்ல.

ஒரு பிரதியை எப்படிப் படிப்பது என்ற கேள்வி விமர்சகனுக்குப் புதிதல்ல. சரித்திரக்காரர்கள் அதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாம் கோர்ட்டு வாசலுக்குப் போகவில்லை. 1835-ல் நார்மண்டியில் தன் தாயையும் சகோதரியையும் தம்பியையும் கொன்ற பியேர் ரிவியேர் என்ற குடியானவ இளைஞனின் வழக்குக் கட்டை மிஷல் ஃபூக்கோவும் அவருடைய மாணவர்களும் 1973-ல் அப்படியே பிரசுரித்தார்கள். அவன் எழுதிய வாக்குமூலம், டாக்டர்களின் அறிக்கைகள், ஊர்க்காரர்களின் சாட்சியம் என்று எல்லாம் அதில் உண்டு. விளக்கக் கட்டுரைகள் பின்னால் வந்தன. அவன் பைத்தியமா இல்லையா என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்ன நிபுணர்கள் ஒரே கட்டுக்குள் அடுத்தடுத்து நிற்கும்போது, தீர்ப்பு என்பது அந்தப் பல குரல்களில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

ரணஜித் குஹா 1987-ல் எழுதிய ‘சந்திராவின் மரணம்’ கட்டுரைக்கு ஆதாரம் ஒரு முழுக் கட்டுகூட இல்லை. வங்காளத்து வீர்பூம் ஜில்லாவில் 1849-ல் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றிய சில வாக்குமூலங்கள். தலையும் இல்லை, வாலும் இல்லை. பாக்தி சாதியைச் சேர்ந்த சந்திரா கள்ளத் தொடர்பில் கர்ப்பமாகிறாள். கர்ப்பத்துக்குக் காரணமானவன், அவளைக் கலைக்கச் சொல்லு, இல்லாவிட்டால் வைஷ்ணவிகள் மடத்துக்கு அனுப்பிவிடு என்று தாயிடம் சொல்கிறான். தாயும் சகோதரியும் மருந்து வாங்கிக் கொடுக்கிறார்கள். சந்திரா செத்துப்போகிறாள். சட்டத்துக்கு இது ஒரு குற்றம். தாயும் சகோதரியும் எதிரிகள். குஹா அதே வரிகளைப் படித்துவிட்டு, ஊர் அவளை வெளியே தள்ளிவிடாதபடி காப்பாற்றப் பார்த்த பெண்களை அங்கே காண்கிறார். ஆதாரம் மாறவில்லை. கேட்கப்பட்ட கேள்வி மாறியது.

சௌரி சௌராவுக்கு இதே முறையில் போனவர் ஷாஹித் அமீன். 1922 பிப்ரவரி 4-ம் தேதி அங்கே போலீஸ் ஸ்டேஷன் எரிந்தது. கோரக்பூர் ஸெஷன்ஸ் கோர்ட்டு 1923 ஜனவரியில் 172 பேருக்குத் தூக்கு விதித்தது. அலகாபாத் ஹைகோர்ட்டு 19 பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. அப்ரூவராக மாறிய மீர் ஷிகாரியின் சாட்சியம்தான் அரசாங்கத் தரப்பின் முதுகெலும்பு. காந்தியின் சரித்திரத்தில் ஒரு பாராவாக இருந்ததை, அந்தச் சாட்சியத்தையும் அதே ஊர்க்காரர்களின் ஞாபகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1995-ல் அமீன் ஒரு புத்தகமாக்கினார். தன் உயிருக்காகத் தோழர்களைக் காட்டிக்கொடுப்பவன் வாயிலிருந்துதான் தோழர்களின் சரித்திரம் நமக்கு வருகிறது. அதனால் அதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. அப்படியே விழுங்கிவிடவும் முடியாது.

இந்த மூன்றுக்கும் அடிப்படையான ஒன்று உண்டு. காகிதம் மிஞ்சியிருந்தது. நம்மூரில் மிஞ்சுவது தற்செயல் அல்ல, விதி. பழைய ஆவணங்களை அழிப்பதற்கென்றே 1879-லும் பிறகு 1917-லும் சட்டங்கள் வந்தன. கீழ்க்கோர்ட்டுகளின் காகிதங்களை எத்தனை வருஷம் வைத்திருப்பது, எப்போது ஒழிப்பது என்று விதி செய்யும் அதிகாரத்தை 1917-ன் சட்டம் ஹைகோர்ட்டுகளுக்குத் தந்தது. விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆனால் தர்க்கம் ஒன்றுதான்: தீர்ப்பு நெடுங்காலம் இருக்க வேண்டும், அதற்கு ஆதாரமாக இருந்தவை அத்தனை காலம் இருக்க வேண்டியதில்லை. இதில் சதி எதுவும் இல்லை. பாங்க்கிலும் வவுச்சர்களுக்குக் காலவரை உண்டு. அது முடிந்ததும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி ஒழிப்போம், லெட்ஜர் நிற்கும். இடமில்லை, கரையான், மழை என்று சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் வவுச்சரை ஒழிக்கும்போது பணம் கட்டியவனின் கையெழுத்தும் போய்விடுகிறது. கூட்டுத்தொகை மட்டும் மிஞ்சும். கோர்ட்டிலும் அப்படித்தான். எது சரித்திரம் என்பதைச் சரித்திரக்காரனோ விமர்சகனோ தீர்மானிப்பதற்கு முன்னால் ரிக்கார்டு ரூமில் ஒரு பட்டியல் தீர்மானித்துவிடுகிறது.

அழியாமல் இருக்கும் கட்டை எப்படிக் கேட்பது? முறை எளிது. கோர்ட்டின் நகல் செக்‌ஷனில், கோர்ட்டு ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் மனு கொடுக்க வேண்டும். வழக்கு எண், வருஷம், முடிவான தேதி, எந்தக் காகிதம் என்று தெளிவாக எழுத வேண்டும். ‘எல்லாக் காகிதங்களும்’ என்று எழுதினால் மனு திரும்பும். சான்றாவண எண்ணும் சாட்சி எண்ணும் தீர்ப்பின் பின்னிணைப்பில் இருக்கும் என்பதால் முதலில் தீர்ப்பின் நகலை வாங்கி, அதைப் பார்த்து மற்றவற்றுக்கு எழுதுவது உத்தமம். கட்டைத் தேடி எடுத்த பிறகு இத்தனை நகல் பேப்பர் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு ஜில்லா கோர்ட்டில் நான் நகல் கேட்டுப் போனபோது வந்த முதல் கேள்வி: “சார், நீங்க பார்ட்டியா, வக்கீல் ஆபீஸா?” ரெண்டும் இல்லை என்றேன். “அப்ப எதுக்கு சார்?” மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டது அவர் மட்டுமல்ல. 1872-ன் சாட்சியச் சட்டமே அப்படித்தான் கேட்டது. அதை எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். வர்ஜினியா உல்ஃபின் பெரியப்பா. கோர்ட்டின் நடவடிக்கைகள் பொது ஆவணம் என்றார். ஆனால் பார்வையிட உரிமை உள்ளவருக்குத்தான் நகல் என்றார். பொது ஆவணத்தைப் பார்க்கப் பொதுஜனத்துக்கு உரிமை உண்டா என்பதை அந்த வாக்கியம் சொல்லாமல் விட்டது. கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 363-வது பிரிவு தீர்ப்பால் பாதிக்கப்பட்டவருக்கு நகல் பெறும் உரிமை தந்தது. பாதிக்கப்படாதவருக்கு ஹைகோர்ட்டு விதி செய்யலாம் என்றது. 2023-ல் சட்டங்களின் பெயர்கள் மாறின. 363 இப்போது 404. ஏற்பாடு மாறவில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தபோது இந்தக் கதவு திறந்தது என்று பலர் நினைத்தார்கள். குஜராத் ஹைகோர்ட்டு சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2020 மார்ச்சில், கோர்ட்டுக் காகிதத்துக்குக் கோர்ட்டு விதிப்படிதான் விண்ணப்பிக்க வேண்டும், மூன்றாமவர் காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தது. இன்று தீர்ப்பும் வாய்தா விவரமும் 16 இலக்க எண்ணைத் தட்டினால் கம்ப்யூட்டரில் வந்துவிடுகின்றன. சாட்சியம் பொதுவாக வருவதில்லை. யந்திரமும் சட்டப் பத்திரிகையின் பாதையிலேயே போகிறது.

ஆக எல்லாம் அந்தப் பிரமாணப் பத்திரத்தின் ஒரு வரிக்கு வந்து நிற்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள்? சொத்து வழக்கு, அப்பீல், வேலை விசாரணை என்று எழுதுகிறவர்களுக்குச் சிரமமில்லை. நாம் சரித்திர ஆராய்ச்சிக்கு, விமர்சனத்துக்கு என்று எழுத வேண்டும். எழுதி, மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு அந்த ஊரின் பேச்சில் எழுதுகிறவனும் ஒரு பதில் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். நீதிபதி ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம். இதுவரை அதிகம் பேர் கேட்காததை, மறுக்கப்பட்டதாகச் சொல்லிக்கொள்ள நமக்கு யோக்கியதை இல்லை.

கிடைத்ததை எல்லாம் அச்சிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது 1983 முதல் குற்றம். சிறுவர்கள் விஷயமும் அப்படியே. சட்டம் தடுக்காத இடத்திலும் விடுதலையானவன் பேரன் அதே தெருவில் இருப்பான். சாட்சி சொன்னவளின் மகள் அவனிடம் கூலிக்குப் போவாள். கட்டைத் திறக்கும் உரிமை, பெயரைச் சொல்லும் உரிமை ஆகாது. சந்திராவின் பெயரைச் சொல்ல குஹாவுக்கு 138 வருஷ இடைவெளி இருந்தது. நமக்கு இருப்பது ஒரு தலைமுறைதான்.

அந்த ஒரு தலைமுறைதான் அவசரத்துக்கும் காரணம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் சில நூறு பேர். ஆனால் அநேகமாக ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒருவராவது இருக்கிறோம். உங்கள் ஊரில் எல்லோரும் பேசும், எவரும் படித்திராத வழக்கு ஒன்று இருக்கும். அதன் எஸ்.ஸி. எண்ணைக் கண்டுபிடியுங்கள். கட்டு இருக்கிறதா, அழிப்புப் பட்டியலில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். இருந்தால் மனுக் கொடுங்கள். தீர்ப்புக்கு அவசரமில்லை, அது பிறகும் கிடைக்கும். கேட்க வேண்டியது, அரசுத் தரப்பு முதல் சாட்சி சொன்னதை.